ஆனா ஒண்ணு

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தால் யாரோ சாகப்போகிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் ஏதாவது ஒரு ராக் பாண்டின் டிரம்மராக இருக்கும், சில சமயம் பாடகர். எந்த ஊர், எந்தச் சுற்றுப்பயணத்துக்கு நடுவில், எந்த ஆல்பம் பாதியில் நின்றது, என்ன வண்டி, என்ன மாத்திரை என்று எல்லாவற்றையும் பிசகாமல் சொல்வார். சொல்லி முடித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஆனா ஒண்ணு" என்பார். அதற்குப் பிறகு வருவதைக் கேட்கத்தான் நாங்கள் உட்கார்ந்திருப்போம்.

விழுப்புரத்தில் ராக் இசை கேட்கிற கூட்டம் ஒன்று இருந்தது என்றால் நம்பமாட்டீர்கள். பெரிய கூட்டமில்லை, ஏழு பேர். ஒரு வாட்ஸ்அப் குழு, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்டேஷனுக்குப் பின்னால் சாமுவேல் வீட்டு மாடி அறையில் கூடுவது, அவ்வளவுதான். சாமுவேல் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவன். நல்ல ஸ்பீக்கர் அவனிடம்தான் இருந்தது. நான் திண்டிவனத்திலிருந்து பாசஞ்சர் பிடித்துப் போவேன். சாமுவேலைத் தவிர எங்களில் ஒருவருக்கும் எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. எங்கள் சூரத்தனமெல்லாம் துணுக்குச் செய்திகளில்தான். எந்தப் பாட்டை எந்தக் குளியலறையில் பதிவு செய்தார்கள், எந்த அட்டைப்படத்தில் நிற்கிற ஆள் உண்மையில் அந்த பாண்டிலேயே இல்லாதவன், இப்படி. பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்கு எப்படியும் தெரியும், தெரியாதவர்களுக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அவர் பெயரையும் எழுதப்போவதில்லை. அதற்குக் காரணம் வேறு.

அவர் ஆம்புலன்ஸ் டிரைவர். காணைப் பக்கம் ஊர், அப்பாவுக்குக் கொஞ்சம் கரும்பு. வண்டி நிற்கிற இடம் திண்டிவனத்தில் ஹைவே ஓரம். எங்கள் ஏழு பேரில் வயதில் மூத்தவர், படிப்பில் குறைந்தவர், விஷயத்தில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர். இளவயதில் புதுச்சேரியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை கூட்டிக்கொண்டிருந்தபோது, காலி செய்துபோன வெள்ளைக்காரர் ஒருவர் அட்டைப்பெட்டி நிறைய கேசட்டுகளை விட்டுப்போனாராம். கேட்பதற்கு இவரிடம் டேப்ரெகார்டர் இல்லை. அதனால் கேசட்டுக்குள் மடித்து வைத்திருக்கும் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிக்குக் கீழே விரலை ஓட்டிப் படித்திருக்கிறார். யார் டிரம், யார் பேஸ், கடைசியில் யார் யாருக்கு நன்றி. பாட்டைக் கேட்பதற்கு ஒரு வருஷம் முன்பே அந்தப் பாட்டுக்காரர்கள் யாருக்கெல்லாம் நன்றி சொன்னார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

ஒரு பாட்டில் இரண்டாவது நிமிஷம் முடிகிற இடத்தில், கிட்டார் ஒரு கணம் அடங்கும்போது, எங்கோ ஒரு நாய் குரைக்கும். ஸ்டுடியோவுக்கு வெளியே கட்டிப்போட்டிருந்த நாய். அந்தப் பாட்டைப் பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்டவன் நான், நாயைக் கேட்டதில்லை. அவர் என் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, ஒரு விரலை உயர்த்திக் காத்திருந்து, சரியான நொடியில் இறக்கினார். குரைத்தது. தான் வளர்த்த நாய் மாதிரி அவ்வளவு பெருமையாகச் சிரித்தார்.

சாமுவேல் வீட்டுக்கு வந்ததும் நேரே குழாயடிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவார். ஷூவையும் கழுவி மாடிக் கைப்பிடிச் சுவரில் வெயிலில் வைத்துவிட்டு வெறுங்காலோடு வந்து உட்காருவார். சுத்தக்காரர் என்று நினைத்துக்கொண்டோம். ஷூவில் என்ன பட்டது என்று ஒருநாளும் நாங்கள் கேட்கவில்லை. வேலையைப் பற்றி அவராகவும் வாய் திறந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் பினாயில் வாடை வரும், அவ்வளவுதான் அவருடைய ஆம்புலன்ஸைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது.

நான் பத்திர எழுத்தர். திண்டிவனத்தில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. மூலப்பத்திரம் இல்லாமல் வருகிறவனை நான் பெஞ்சில்கூட உட்காரவிடமாட்டேன். இந்தப் புத்தியைக் குழுவுக்கும் கொண்டுவந்தேன். யார் என்ன துணுக்குப் போட்டாலும் கீழே ஆதாரம் போடவேண்டும் என்று விதி செய்தது நான்தான். மற்றவர்கள் முணுமுணுத்தாலும் போட்டார்கள். அவர் மட்டும் போடமாட்டார். "தாள்ல இருந்தது ரைட்டரே" என்பார். என்னை எப்போதும் ரைட்டரே என்றுதான் கூப்பிடுவார்.

நிகழ்ச்சி முடித்துத் திரும்பும் வழியில் வேன் லாரியில் மோதிச் செத்த டிரம்மர் ஒருவரைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார். கண்ணாடி துடைத்தாகிவிட்டது, மாட்டியாகிவிட்டது.

"ஆனா ஒண்ணு ரைட்டரே. வருஷா வருஷம் அந்தப் பையன் பொறந்த நாள் வந்தா பாண்டுல மிச்சம் இருக்கிற மூணு பேரும் அவங்க அம்மா வூட்டுக்குப் போய்டுவாங்க. அந்தம்மா சமைச்சிப் போடும். சாப்ட்டு, தட்டக் கழுவி வச்சிட்டுத்தான் வருவாங்க."

சாமுவேல் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டான். வீட்டுக்கு வந்து தேடினேன். நம்பிவிட்டுத்தான் தேடினேன், ஆனாலும் தேடினேன். மிச்சம் இருந்த மூன்று பேரும் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போகவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள். பாட்டுரிமை யாருக்கு என்று வருஷக்கணக்கில் வழக்கு. அவள் தனியாகச் செத்தாள்.

அதற்கப்புறம் அவர் சொன்னதையெல்லாம் தோண்ட ஆரம்பித்தேன். விநோதம் என்னவென்றால் ஊர், வருஷம், ஸ்டுடியோ, யார் எந்தப் பக்கம் நின்று வாசித்தார் என்பதில் ஒரு பிசகு கிடையாது. நாய் உண்மை. "ஆனா ஒண்ணு" என்பதற்கு முன்னால் இருப்பது எல்லாம் உண்மை. அதற்குப் பின்னால் இருப்பது அத்தனையும் பொய். தனியாகச் செத்தவர்களின் கையை யாராவது பிடித்திருப்பார்கள், ஏமாற்றப்பட்டவளின் பெயரை யாராவது ஞாபகமாக எழுதியிருப்பார்கள்.

தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். விடாததற்குக் காரணம் ஒரு அண்ணன் தம்பி கதை. ஒரே பாண்டில் பாடிய இருவர், சண்டை போட்டுப் பிரிந்து பல வருஷம் முகம் பார்க்காமல் இருந்து, அப்படியே தம்பி செத்துப்போனான். இதைச் சொல்லிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். "ஆனா ஒண்ணு. சாவறதுக்கு மொத நாள் தம்பி போன் பண்ணிட்டான். கோவம்லாம் ஒண்ணுமில்லண்ணான்னு சொல்லிட்டுத்தான் வச்சான்."

எனக்கும் என் தம்பிக்கும் அப்போது பேச்சில்லை. ஒருநாள் டீ குடிக்கும்போது அதை மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன், காரணத்தைச் சொல்லவில்லை. காரணம் அவனுடைய கல்யாணம். அந்தப் பெண் வேறு சாதி. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு பதிவுத் திருமணப் படிவத்தோடு என் மேசைக்கே வந்து நின்றான். "ஒரே ஒரு சாட்சிக் கையெழுத்துண்ணா" என்றான். வேறு ஆளைப் பார் என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டேன். பக்கத்து மேசைக்காரர் போட்டார். தம்பி கண்டமங்கலத்தில் அவளுடைய ஊரிலேயே வீடு எடுத்துக்கொண்டு, புதுச்சேரியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆறு பேர் நடுவில் என்னைப் பார்த்து அந்தக் கதையைச் சொன்னபோது, என் வீட்டுக் கதவை எல்லாருக்கும் திறந்துவிட்ட மாதிரி எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு பத்திரம் தயார் செய்துகொண்டு போனேன். வேடிக்கைக்குத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். விடுதலைப் பத்திரம். "இதுநாள்வரை எனது அனுபவ பாத்தியதையில் இருந்துவந்த, கீழே தபசிலில் கண்ட பொய்களின் மீது இனி எனக்கு யாதொரு உரிமையும் இல்லையென்றும், புதிதாக ஏதும் சேர்க்கமாட்டேனென்றும், என் முழு மனச் சம்மதத்துடன் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம்" என்று ஆரம்பித்து, தபசில் பட்டியலில் பதின்மூன்று பொய்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே உண்மை, ஆதாரம். பத்திரக் குரலில் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். "மேற்படி டிரம்மரின் மேற்படி தாயார்" என்று வந்த இடத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாமுவேலும் சிரித்தான். ஏழாவது அயிட்டம் அண்ணன் தம்பி: போன் ஏதும் வரவில்லை, சாவுக்கும் அண்ணன் போகவில்லை.

அவரும் சிரித்த முகமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். "அப்போ அந்தம்மா வூட்டுக்கு யாரும் போவலயா?"

போகவில்லை என்றேன். "அப்படியா" என்றார். எழுதிக்கொடுப்பவர் கையெழுத்து என்று ஓர் இடம் விட்டிருந்தேன். எங்கே போடவேண்டும் என்று கேட்டு, என் பேனாவையே வாங்கி, கேசட் தாளைப் படிக்கிற மாதிரி வரிக்குக் கீழே விரல் வைத்து, கோணாமல் போட்டார். சாட்சிகள் இருவர். எழுதியவர் நான். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஈரம் காயாத ஷூவை மாட்டிக்கொண்டு போனார். மறுநாள் குழுவிலிருந்து விலகினார். ஜெயித்தேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். குழு அதற்குப் பிறகு ரொம்ப நாள் ஓடவில்லை.

அடுத்த வருஷம் வைகாசியில் ஒரு மத்தியானம் மூன்று மணிக்கு, கம்பெனி வேலையாகப் புதுச்சேரியிலிருந்து பைக்கில் வந்த என் தம்பியை, கிளியனூர் தாண்டி ஒரு லாரி அடித்துப் போட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் ஓடியபோது வாசலில் நின்ற ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்திருந்தது. ஒருவர் பக்கெட்டில் தண்ணீர் மொண்டு உள்ளே ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். திரும்பியபோதுதான் அவர் என்று தெரிந்தது. என் கையைப் பிடிக்க வந்து, தன் கையைப் பார்த்துவிட்டு, நின்றுவிட்டார். கழுவிக்கொண்டு வருவதாகச் சொன்னார். அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

கருமாதி அன்று வீட்டுக்கு வந்தார். தம்பி பெண்டாட்டியை அன்று உறவுக்காரர்கள் வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள். உறவுக்காரர்கள் என்று சொல்கிறேனே, அதில் நானும் உண்டு. அம்மா பதினாறு நாளாகச் சோற்றை மென்று துப்பிக்கொண்டிருந்தாள். அவர் அவள் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தான்தான் வண்டி ஓட்டிவந்ததாகச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார்.

"ஆனா ஒண்ணும்மா. புள்ளைக்கு வலி தெரியல. தண்ணி கேட்டாரு, ரெண்டு வாய் குடிச்சாரு. அம்மாவுக்கு இப்ப சொல்லாதீங்க, பதறிப்பூடும்னாரு. அண்ணன் மேல கோவம்லாம் ஒண்ணுமில்லன்னு சொல்லச் சொன்னாரு."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அன்று அவருக்கு அவளே இலை போட்டாள், அவளும் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும், "என் புள்ள தண்ணி குடிச்சிட்டுத்தான் போனான்" என்று சொல்ல ஆரம்பித்தாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள் என்றே சொல்லவேண்டும்.

எனக்கு அந்தப் பிடி கிடைக்கவில்லை. ஏழாவது அயிட்டம், அந்த அண்ணன் தம்பி போன், அப்படியே என் வீட்டுக்கு வந்திருக்கிறது. ஆனால் இந்த ஒரு தடவை உண்மையாக இருந்துவிட்டால்? கோவம் இல்லை என்று அவன் நிஜமாகவே சொல்லியிருந்தால்? டிரைவர் முன்னால் உட்கார்ந்திருப்பவர், பின்னால் நோயாளியோடு ஒரு நர்ஸம்மா இருப்பார், அவருக்குத் தெரியும். பிரேதப் பரிசோதனை அறிக்கையை ஏற்கெனவே வாங்கி, வரி விடாமல் பலமுறை படித்து, மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். அதில் எலும்பும் வயிறும் இருந்தது, வார்த்தை இல்லை. அவர் வேலைக்கு வராத நாளாகப் பார்த்து ஹைவே ஓரம் வண்டி நிற்கும் இடத்துக்குப் போனேன்.

நர்ஸம்மா நல்ல மாதிரி. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். "ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது சார். நாங்க போய்ச் சேரும்போதே நெனவில்ல. கடைசிவரைக்கும் கண்ணே தெறக்கல."

இரண்டு நாள் கழித்து அவரையே போய்ப் பார்த்தேன். வண்டிக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்திருந்தார். நர்ஸம்மா சொன்னதைச் சொன்னேன். மறுக்கவில்லை.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு மீறினது தப்புதான்" என்றார். "பாட்டுக்காரங்களப் பத்தி அதுக்கப்பறம் நான் ஒண்ணும் சேக்கல ரைட்டரே. இது பாட்டு இல்லயே."

எத்தனை வீட்டில் இப்படிச் சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். குரல் உயர்ந்துதான் கேட்டேன். "வண்டியில வர்றவங்க யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. சினிமாலதான் பேசுவாங்க. வூட்ல இருக்கிறவங்கதான் வந்து வந்து கேக்கிறாங்க, இன்னா சொன்னாரு, இன்னா சொன்னாருன்னு. நான் இன்னா சொல்லட்டும், வெறும் கையோட அனுப்பட்டுமா?" பிறகு, "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார்.

இல்லை என்றேன்.

"சொல்றதுன்னா ஜல்தி சொல்லிடுங்க. நாளாச்சுன்னா எடுக்க வராது."

நான் அவரை மன்னிக்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. அம்மாவிடம் இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன், அவர் சொன்னபடியே நாளாகிவிட்டது. அவரைச் செஞ்சிப் பக்கம் மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நம்பர் மாறிவிட்டது. சாமுவேலுக்கும் தெரியவில்லை. அந்த விடுதலைப் பத்திரத்தை அவர் கிழித்துப் போட்டாரா, வைத்திருக்கிறாரா என்று தெரியாது.

ஒன்றரை வருஷம் கழித்துத் தம்பி பெண்டாட்டி என் மேசைக்கு வந்தாள். கம்பெனியில் கேட்கிற காகிதங்கள், உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதவேண்டும். பக்கத்து மேசைக்குப் போயிருக்கலாம், போகவில்லை. முன்பு தம்பிக்குப் பின்னால் நின்ற அதே இடத்தில் நின்றாள், உட்காரச் சொல்லி இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. என்னை சார் என்றுதான் கூப்பிட்டாள். எழுதினேன். சாட்சி என்று இருந்த இடத்தில் அவள் கேட்காமலே கையெழுத்துப் போட்டேன். அவள் அதைப் பார்த்தாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"உங்கம்மாகிட்ட கடைசியா என்னமோ சொல்லச் சொன்னாராமே சார். எல்லாரும் சொல்லிக்கினாங்க. அதுல என்னப் பத்தி எதுனா இருந்துச்சா?"

தண்ணீர் இருந்தது, அம்மா இருந்தாள், நான் இருந்தேன். அவள் இல்லை. அப்படி ஒருத்தி இருப்பதே டிரைவருக்குத் தெரியாது, நான்தான் சொல்லவில்லையே.

கண்ணாடி போடும் வழக்கம் எனக்கில்லை. பேனாவை மூடி வைத்தேன்.

"ஆனா ஒண்ணும்மா" என்றேன். "மொதல்ல உன் பேரத்தான் சொன்னானாம். அவ எனக்காகச் சாப்பிடாம இருப்பா, போன் பண்ணிச் சாப்பிடச் சொல்லுங்கன்னானாம்."

அவள் முகம் எப்படியோ ஆகிவிட்டது. "மூணு மணிக்குத்தானே சார்? நான் அப்ப சாப்ட்டுட்டுத் தூங்கிக்கினு இருந்தேன்."

அவருக்கு வந்த மாதிரி இது எனக்கு வரவில்லை. அவர் பொய்யைக் கேட்டு ஒருவரும் இப்படிக் குனிந்து உட்கார்ந்ததில்லை. திரும்ப எடுக்கவும் முடியவில்லை. அவள் மெதுவாக, "இத யாரு சார் சொன்னது?" என்று கேட்டாள்.

"ஆம்புலன்ஸ் டிரைவர். எனக்குத் தெரிஞ்சவர். பொய் சொல்ற ஆள் இல்ல."

தலையாட்டினாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவரு சாப்ட்டாராமா சார்?"

என் முழங்காலுக்கு நேரே இழுப்பறை. உள்ளே அந்த அறிக்கை இருக்கிறது. இரண்டாம் பக்கம், மேலிருந்து நாலாவது வரி: இரைப்பை காலியாக இருந்தது.

"சாப்ட்டானாம்" என்றேன். "வயிறு நெறய."